ஃப்ளோரசீனா, ஐ.சி.ஜி.யா?

கண்ணுக்குள் ரத்தக்குழாய் எங்கே கசிகிறது என்று பார்க்க, கையிலுள்ள ரத்தக்குழாயில் சாயத்தை ஏற்றிப் படமெடுப்பார்கள். அதற்கு இரண்டு சாயங்கள் உண்டு.

ஃப்ளோரசீன் மூத்தது. 1871இல் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கியது. அதைக் கொண்டு மனித விழித்திரையைப் படமெடுக்கும் முறையை 1961இல் வெளியிட்டவர்கள் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரு மருத்துவ மாணவர்கள். மாணவப் பருவத்தில் இப்படியொரு சாதனை! நீல ஒளி பட்டால் இந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். ஊசி போட்ட சில நொடிகளிலேயே விழித்திரைக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். சர்க்கரை நோயால் குழாய் கசிந்தால் கறுப்பு-வெள்ளைப் படத்தில் அந்த இடம் வெள்ளைத் திட்டாக விரியும்.

ஆனால் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு அடுக்கில் இது திணறும். அங்குள்ள நுண்குழாய்களிலிருந்து சாயம் சட்டென வெளியே கசிந்துவிடும். இடையிலுள்ள நிறமிப் படலமும் நீல ஒளியை மறைக்கும். ஐ.சி.ஜி., அதாவது இண்டோசயனின் கிரீன், இங்கேதான் கைகொடுக்கிறது. ரத்தப் புரதத்தோடு சுமார் 98 சதவீதம் ஒட்டிக்கொள்வதால் குழாயை விட்டு எளிதில் வெளியேறாது. ஒளிர்வதும் அகச்சிவப்பில், ஏறத்தாழ 830 நானோமீட்டரில். நிறமியைத் தாண்டித் தெரியும். கோராய்டு ரத்தக்குழாய்கள் குமிழ்போல் புடைக்கும், ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் பாலிப் வகைக் கோராய்டு நோய்க்கு நான் ஐ.சி.ஜி.யைத்தான் சொல்வேன்.

அப்புறம், பக்கவிளைவு. ஃப்ளோரசீனில் சிலருக்குக் குமட்டும். தோல் சில மணி நேரமும், சிறுநீர் ஓரிரு நாளும் மஞ்சளாக இருக்கும், பயம் வேண்டாம். ஐ.சி.ஜி. கல்லீரல் வழியே வெளியேறும், குமட்டலும் குறைவு. அதில் அயோடின் கலந்திருப்பதால், அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.