சயின்ஸ் கிட் வாங்கலாமா, வீட்டுச் சாமானிலேயே செய்யலாமா?

கோடை லீவு வந்தால் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வரும் கேள்விதான் இது. போன மே மாதம் என் மகன் (ஐந்தாவது), தங்கை மகள் (ஆறாவது) இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன்.

முதலில் ஆன்லைனில் வாங்கிய கார் கிட். பொம்மை மோட்டார், பேட்டரி கூடு, சக்கரங்கள், சுவிட்ச், படம் போட்ட தாள் என்று எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரத்தில் கார் கூடத்தில் ஓடியது, அந்தச் சந்தோஷத்துக்கே கொடுத்த காசு சரி என்று தோன்றியது. மூன்றாம் நாள் ஒரு குட்டிப் பல்சக்கரம் காணாமல் போனதும் கார் பீரோ மேல் ஏறிவிட்டது. ஆனாலும் கிட்டை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். ஒயரை மாற்றிக் கொடுத்தபோது கார் பின்பக்கம் ஓடியதைப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, டார்ச் பல்பு மட்டும் எப்படி மாட்டினாலும் எரியுது?" என்று தங்கை மகள் கேட்டாள். நல்ல கேள்வி. கிட்டோடு வந்த தாளில் அதற்குப் பதில் இல்லை.

அப்புறம் வீட்டு மோட்டார். இதற்குத் தேவை ஒரு பெரிய டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, ரப்பர் பேண்ட், ஒரு காந்தம், மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய கொஞ்சம் எனாமல் செம்புக் கம்பி. கம்பியைப் பேட்டரி மேலேயே பத்துச் சுற்று சுற்றிக் கழற்றி, இரண்டு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கம் நேராக நீட்டி, பேட்டரியின் இரு முனைகளிலும் ரப்பர் பேண்டால் இறுக்கிய ஊக்குகளின் வளையத்துக்குள் நுழைத்துவிட்டு, சுருளுக்குக் கீழே பேட்டரி மேல் காந்தத்தை வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் சுற்றாது. கம்பி மேல் பூசியிருக்கும் எனாமல் கரண்டை விடாது, அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். மகன் இரண்டு முனைகளையும் சுத்தமாகத் தேய்த்தான், சுருள் அரைச் சுற்று திரும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடி, நின்றுவிட்டது. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு முனையை முழுதாகத் தேய்க்கலாம், இன்னொரு முனையில் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கம்பியின் மேல்பாதியை மட்டும்தான் தேய்க்க வேண்டும். கரண்ட் விடாமல் பாய்ந்தால், முதல் அரைச் சுற்றில் தள்ளிய காந்தமே அடுத்த அரைச் சுற்றில் பின்னுக்கு இழுக்கும். அந்த நேரம் கரண்ட் அறுந்துவிட்டால் வந்த வேகத்திலேயே சுருள் அந்தப் பாதியைத் தாண்டிவிடும். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. சுற்ற ஆரம்பித்ததும் மகன் நாற்காலி போட்டு பீரோ மேலிருந்த காரை இறக்கி, ஸ்க்ரூடிரைவரால் அதன் மோட்டாரைப் பிளந்தான். உள்ளே மூன்று சுருள், இரண்டு வளைந்த காந்தம். கிட்டின் உண்மையான பலன் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

சுருள் நின்றுவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள், கம்பியும் பேட்டரியும் சூடாகும். சின்ன, சக்திவாய்ந்த காந்தங்களைக் குட்டிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலே ஓட்டையாகும் அளவுக்கு ஆபத்து.

வீட்டுச் சாமான் என்றால் செலவே இல்லை என்பது பாதிப் பொய். காசு மிச்சமாகும், பெரியவர்களின் ஞாயிற்றுக்கிழமை போகும். பக்கத்தில் உட்கார ஆளில்லாத வீட்டுக்குக் கிட்தான் மேல். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நிலைமை வேறு, ஆளுக்கொரு கிட் எந்தப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது.

கட்டுமானம் சொல்லித்தர யோசிக்கவே வேண்டாம், தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் தொடங்கிய பள்ளி அறிவியல் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்த அரவிந்த் குப்தா பிரபலமாக்கிய உத்தி இது. கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். டியூப் துண்டில் குச்சிகளைச் செருகிச் சதுரம் செய்து விரலால் தள்ளினால் சாய்ந்து படுத்துவிடும், முக்கோணம் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி போட்டதும் அதுவும் நிமிர்ந்து நிற்கும். ஹைடென்ஷன் டவரில் ஏன் அத்தனை குறுக்குக் கம்பி என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மைக்ரோஸ்கோப் மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை லென்ஸாக்கி எழுத்தைப் பெரிதாகப் பார்ப்பது வேடிக்கைதான், ஆனால் செல் தெரியாது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் தாளை மடித்துச் செய்வது, சுமார் 140 மடங்கு பெரிதாகக் காட்டும். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். செங்கல் அடுக்கின மாதிரி செல்கள் தெரிந்தன. அன்றைக்கு ராத்திரி சாம்பாருக்கு வெங்காயம் மிஞ்சவில்லை.