டாவ்பாவா, ஜேடியா? நான் ஏன் ஜேடி பக்கம்

ஷாங்காயில் வீடு எடுத்ததும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், லேப்டாப் என்று வரிசையாக வாங்க வேண்டியிருந்தது. இங்கே ஆன்லைன் கடை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அலிபாபாவின் டாவ்பாவ், அடுத்தது ஜேடி. இரண்டையும் அலசிவிட்டு ஜேடியில் வாங்கினேன். இன்றும் பெரிய பொருள் என்றால் எனக்கு அதுதான்.

விலையிலும் வகையிலும் டாவ்பாவ்தான் முன்னால். அதில் பேச ஒன்றுமில்லை. ஏழு நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையை 2014 நுகர்வோர் சட்டமே தந்துவிட்டதால் அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இரண்டும் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. ஜாக் மா 1999இல் ஹாங்ஜோவில் தன் வீட்டிலேயே அலிபாபாவைத் தொடங்கினார். 2003இல் டாவ்பாவ் வந்தது. விற்பவர்களிடம் அமெரிக்க ஆன்லைன் சந்தையான ஈபே கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது இலவசம். வாங்குபவர் கையில் பொருள் கிடைக்கும்வரை பணத்தைப் பிடித்துவைக்க அலிபே என்ற கட்டணச் சேவை இருந்தது. மூன்றே ஆண்டில் ஈபே பின்வாங்கியது. ஆனால் டாவ்பாவ் ஒரு சந்தைத் திடல்: இடம் அவர்களுடையது, சரக்கு கடைக்காரருடையது. விளம்பரத்திலும் கமிஷனிலும்தான் அலிபாபாவுக்கு வருமானம்.

ஜேடியின் கதை வேறு. லியு சியாங்டொங் 1998 ஜூன் 18 அன்று பெய்ஜிங்கின் ஜொங்குவான்சுன் மின்னணுச் சந்தையில் தொடங்கிய கடை அது. அந்தத் தேதிதான் இன்றைய ‘618’ தள்ளுபடி விற்பனை. 2003இல் சார்ஸ் தொற்றுநோய் பரவியபோது கடைகளுக்கு ஆள் வரவில்லை. இணையத்தில் விற்கத் தொடங்கி, மறு ஆண்டே தனித் தளம் திறந்தார். கடைக்காரராகவே இருந்ததால் சரக்கைத் தானே வாங்கித் தானே விற்கும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது.

எனக்கு முடிவைத் தந்தது 2007இல் அவர் எடுத்த முடிவு. வாடிக்கையாளர் புகார்களில் பெரும்பகுதி டெலிவரி பற்றியது என்று கண்டு, சொந்தமாகக் கிடங்கும் வண்டியும் ஆட்களும் வைக்கத் தீர்மானித்தார். முதலீட்டாளர்கள் தயங்கினார்கள். கோடிக்கணக்கில் பணத்தை விழுங்கும் வேலை, பல ஆண்டு நஷ்டமும் வந்தது. அதன் பலனாக 2010இல் ‘211’ திட்டம் வந்தது: காலை 11 மணிக்குள் ஆர்டர் செய்தால் அன்றே, இரவு 11 மணிக்குள் செய்தால் மறுநாள் மதியம் 3 மணிக்குள் பொருள் வீட்டில்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பொறுப்பு. என் ஃபிரிட்ஜை ஜேடியின் சிவப்புச் சட்டை போட்ட இருவர் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அட்டையைப் பிரித்து, நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதில் கீறல் இருந்திருந்தால் விற்றவர் ஒருவர், கொண்டுவந்தவர் இன்னொருவர் என்று அலைய வேண்டியதில்லை. பில்லும் ஜேடி பெயரிலேயே வருகிறது. வாரண்டிக்கு அது போதும். மொழி சரியாக வராத என்னைப் போன்றவனுக்கு இது பெரிய நிம்மதி. டாவ்பாவில் ஒவ்வொரு கடைக்காரரோடும் தனித்தனியாக அரட்டையில் பேசித் தீர்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் அமைந்தால் பிரச்சினையே இல்லை, அமைவதுதான் கேள்வி.

இந்த வழி ஜேடிக்கு மலிவாகக் கிடைத்ததல்ல. இரண்டும் 2014இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்தன. அலிபாபா திரட்டியது 2,500 கோடி டாலர், ஜேடி சுமார் 178 கோடி. ஜேடியின் வருவாய் 2022இலேயே ஒரு லட்சம் கோடி யுவானைத் தாண்டியும், லாபத்தில் அலிபாபாதான் வெகு தூரம் முன்னால். சரக்கையும் கிடங்கையும் தலையில் சுமப்பவருக்கு மிச்சம் குறைவுதான். ஆனாலும் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டவரைத்தான் நான் நம்புகிறேன். அலிபாபாவும் 2013இல் சாய்நியாவ் என்ற தளவாட நிறுவனத்தைத் தொடங்கியது, ஆனால் அடிப்படையில் அது பல கூரியர் நிறுவனங்களை இணைக்கும் ஏற்பாடு.

நான் இருப்பது பெருநகரம். சின்ன ஊர்களில் ஜேடி இதே வேகத்தில் வருமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. துணிமணியும் அதிகம் வாங்கியதில்லை. கோப்பை, திரைச்சீலை, போன் உறை போன்ற சில்லறைச் சாமான்களுக்கு நானும் டாவ்பாவுக்குத்தான் போகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம்: 2010 முதல் ஜேடியும் வெளிக் கடைக்காரர்களை உள்ளே விட்டிருக்கிறது. பொருளின் பெயருக்கு முன்னால் ‘நேரடி விற்பனை’ என்ற சிவப்பு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பொருளுக்கு மேலே சொன்ன பொறுப்புக் கணக்கு பொருந்தாது.