ரெடிமேட் டிசிபிஎஸ் தட்டு: ஹேச்சரிக்குச் சரிப்படுமா?

சென்னை பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் கடைகளில் சொல்லிவைத்தால், விப்ரியோ என்ற கடல்நீர் பாக்டீரியாவை வளர்த்து எண்ண உதவும் டிசிபிஎஸ் ஊடகத்தை ஊற்றி உறையவைத்த தட்டே கிடைக்கிறது. ஈசிஆர் ஓரத்து இறால் ஹேச்சரிகளில் (குஞ்சு பொரிப்பகங்களில்) விப்ரியோ எண்ணிக்கை பார்க்க வசதியான சரக்குதான். பவுடர் என்றால் லிட்டருக்கு 89 கிராம் நிறுத்து, கொதிக்கவைத்து, 50 டிகிரிக்கு ஆறியதும் ஊற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலத்தில்) ஏற்றிவிட்டால் மொத்தமும் வீண்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் சுருங்கி விலகியிருந்தாலோ மூடியில் தண்ணீர் கோத்திருந்தாலோ வாங்க வேண்டாம். ஈரத் தட்டில் காலனிகள் (கிருமி பெருகி உண்டாகும் புள்ளிகள்) ஒன்றோடொன்று படர்ந்துவிடும், எண்ணவே முடியாது. மே மாத வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் நல்ல தட்டும் இப்படித்தான் ஆகும்.

தொட்டித் தண்ணீர் 0.1 மில்லி பரப்பி, 30 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். காலனி எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் மில்லிக்கு எத்தனை என்று வந்துவிடும். நீர்க்கச் செய்ய கொதித்து ஆறிய கடல்நீர்தான் வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் உப்பில்லாமல் விப்ரியோ செத்துப்போகும். தட்டிலுள்ள சர்க்கரையைத் தின்னும் விப்ரியோ மஞ்சளாகவும், தின்னாதது பச்சையாகவும் தெரியும். 24 மணி தாண்டினால் அந்தச் சர்க்கரை தீர்ந்து மஞ்சள் காலனி பச்சையாகத் திரும்பலாம். அதைப் பார்த்துப் பதறி மருந்து கொட்டாதீர்கள். பச்சையெல்லாம் நோய்க்கிருமி இல்லை. இறாலைச் சாகடிக்கும் ஏஎச்பிஎன்டி நோயின் விஷ ஜீன் உண்டா என்பதை பிசிஆர் என்ற மரபணுச் சோதனைதான் சொல்லும்.

பாக்கெட்டுக்குள் வரும் தாளில் ஒரு முக்கியமான விஷயம் இல்லை. காலனியே வராத தட்டு, தொட்டி சுத்தம் என்பதற்குச் சாட்சி அல்ல. கடல்நீரில் பட்டினியும் குளிரும் சேர்ந்தால் விப்ரியோ சுருங்கி உருண்டையாகிவிடும். உயிர் இருக்கும், தட்டில் வளராது. சூடு ஏறினால் மறுபடி எழும்பும். அதனால் சாம்பிள் பாட்டிலை ஐஸுக்குள் புதைக்காதீர்கள். ஐஸ் படாமல் துணி சுற்றி வைத்து, அன்றைக்கே தட்டில் போடுங்கள். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் பாட்டிலில் முதலிலேயே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் இருக்கட்டும். இல்லாவிட்டால் தொட்டியில் தப்பியது பாட்டிலில் செத்து, எண்ணிக்கை பொய்யாகக் குறையும்.

வாரம் 20 தட்டுக்குள் முடிகிற இடத்துக்கு ரெடிமேட் போதும். அதற்கு மேல் பவுடரே கட்டுப்படியாகும். எதை வாங்கினாலும் ஒரு தட்டை, தொட்டியில் காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோனுக்கு ஒதுக்குங்கள். அதன் வழுவழுப்பைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துப் போட்டால், தண்ணீர் தட்டில் பத்து காலனி காட்டிய அதே தொட்டியிலிருந்து எண்ணமுடியாத அளவுக்குக் கிளம்பி வரலாம்.