பியூட்டி அண்ட் தி பீஸ்ட்: 1991இல் வரைந்ததா, 2017இல் எடுத்ததா?

சாபத்தால் மிருகமாகிப்போன இளவரசன் பீஸ்ட், அவன் கோட்டையில் சிறைப்பட்டு மெல்ல அவனை நேசிக்கத் தொடங்கும் கிராமத்துப் பெண் பெல்: இரண்டு படங்களிலும் கதை ஒன்றுதான், முக்கியமான மெட்டுகளும் அவையேதான். டிஸ்னி 1991இல் கொண்டுவந்த அனிமேஷன் படம் 84 நிமிடம் ஓடும். 2017இல் நடிகர்களை வைத்து எடுத்த ரீமேக் 129 நிமிடம். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க எதைப் போடலாம் என்று கேட்டால், தயங்காமல் முதல் படத்தைத்தான் சொல்வேன். கூடுதலாக வந்த முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி, பாட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டதை விளக்குவதிலேயே போய்விடுகிறது.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல் கையில் புத்தகத்தோடு தெருவில் நடக்க, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. இவள் நம்மைப் போல இல்லையே என்று ஊரே கூடிப் பாடுகிறது. அவளோ நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து ஆடுகளிடம் கதை சொல்கிறாள். ஒரு ஆடு புத்தகத்தின் பக்கத்தையே மென்றுவிடுகிறது. பாட்டு முடிவதற்குள் அவளுடைய தனிமை, ஊரின் இளக்காரம், அவளை மணக்கத் துடிக்கும் வேட்டைக்காரன் காஸ்டனின் திமிர் எல்லாம் புரிந்துவிடும். வரிகளை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். பாட்டுக்காகக் கதையை நிறுத்தாமல், கதையையே பாட்டில் நகர்த்தினார். ஆலன் மென்கனின் இசையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது. கடும் நோயோடு எழுதிய ஆஷ்மன், படம் வெளிவருவதைப் பார்க்காமலே 1991 மார்ச்சில் இறந்துபோனார்.

ரீமேக்கிலும் இந்தப் பாட்டு இருக்கிறது. ஆனால் அது போதாது என்று பெல்லின் அம்மா, பாரிஸ், பிளேக், ஒரு மாயப் புத்தகம் எல்லாம் சேர்க்கிறார்கள். ஏங்குவதற்கு ஒரு பெண்ணுக்கு இத்தனை காரணங்கள் வேண்டுமா என்ன?

அடுத்தது பீஸ்ட். அனிமேட்டர் கிளென் கீன் வடிவமைத்த அந்த உருவத்தில் சிங்கத்தின் பிடரி, காட்டெருமையின் தலை, கொரில்லாவின் புருவம், காட்டுப்பன்றியின் கோரைப்பல், கரடியின் உடம்பு, ஓநாயின் கால் எல்லாம் கலந்திருக்கும். கண் மட்டும் மனிதக் கண். அவன் கிண்ணத்தில் வாயை வைத்து வாரிச் சாப்பிட்டு, பிறகு வெட்கப்பட்டு அந்தப் பெரிய கையால் கரண்டியைப் பிடிக்கப் பாடுபடுவான். பெல் தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டுவாள். வசனமே தேவையில்லை, புருவமும் கண்ணும் பேசிவிடும். ரீமேக்கில் பீஸ்டாக வரும் டான் ஸ்டீவன்ஸின் நடிப்பைப் பதிவுசெய்து அதன் மேல் கிராபிக்ஸ் முகத்தைப் பொருத்தினார்கள். ரோமம் தத்ரூபம், உணர்ச்சி அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. சாபத்தால் மெழுகுவர்த்தித் தாங்கியாகிவிட்ட வேலைக்காரன் லூமியேரும் அப்படித்தான்: வரைந்த படத்தில் மெழுகாய் வளைந்து ஆடியவன், இங்கே உலோகப் பொம்மையாகிவிட்டான்.

நூலகக் காட்சியில் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். பழைய படத்தில் பீஸ்ட் அவளைக் கண்ணை மூடச் சொல்லி அழைத்துப்போய்த் திரைச்சீலைகளை விலக்குகிறான். அவளுக்கு எது பிடிக்கும் என்று யோசித்து, தானே முன்வந்து தரும் பரிசு அது. புதியதில் ஷேக்ஸ்பியர் பற்றிய பேச்சில் தன் படிப்பைக் காட்டிக்கொள்ள நூலகத்துக்குக் கூட்டிப்போகிறான். அவள் வியந்து நின்ற பிறகுதான் 'எடுத்துக்கொள்' என்கிறான். அவன் மனம் மாறுவதை முதல் படம் செயலில் காட்டிவிடுகிறது.

1991 செப்டம்பரில் நியூயார்க் திரைப்பட விழாவில் இந்தப் படத்தை முடிக்காத நிலையிலேயே திரையிட்டார்கள். பல இடங்களில் வெறும் பென்சில் கோடுகள்தான். அப்படியும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் அனிமேஷன் படமும் இதுவே ஆனது. பாட்டும் கோட்டோவியமும் சரியாக அமைந்துவிட்டால் வண்ணம் கூடப் பிறகு வரலாம்.

ஒரே ஓர் இடத்தில் ரீமேக் முந்துகிறது. பெல்லை விடுவித்ததும் பழைய பீஸ்ட் கர்ஜிப்பதோடு சரி, அவனுக்கென்று தனிப்பாட்டு கிடையாது. 2017இல் மென்கனும் பாடலாசிரியர் டிம் ரைஸும் அந்த இடத்தில் 'எவர்மோர்' பாட்டைத் தந்தார்கள். அவள் தூரத்தில் மறைய மறைய, அவன் கோபுரத்தில் மேலே மேலே ஏறிப் பாடுகிறான். வரைந்த படத்தை முதலில் பாருங்கள். இந்தப் பாட்டுக்காகவே ரீமேக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.