ஈர மணலுக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

கடற்கரையில் தேடுவதற்கென்று மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர் முன்னால் மூன்று வகைகள் இருக்கின்றன: ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் காரெட் ஏடி புரோ போன்றவை, பல அதிர்வெண்களை ஒரே சமயத்தில் பயன்படுத்தும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 போன்றவை, பல்ஸ் இண்டக்‌ஷன் முறையில் இயங்கும் காரெட் சீ ஹன்டர் மார்க் 2 போன்றவை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் க்ளெனெல்க், ஹென்லி, செமஃபோர் கரைகளில் தேடுவதற்காக நான் வாங்கியது ஈக்வினாக்ஸ் 800. மைன்லேப் இந்த ஊரில் தொடங்கிய நிறுவனம் என்பதற்காக அதை வாங்கவில்லை. இந்தக் கரைகளிலிருந்து கடலுக்குள் நீளும் படகுத்துறைப் பாலங்கள்தாம் காரணம்.

ஒற்றை அதிர்வெண் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்த மணலில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன, விலையும் குறைவு. ஆனால் உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், 15 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ஏடி புரோவுக்கு ஈர மணல் முழுவதுமே மெல்லிய அலுமினியத் தாளைப் போல ஒலிக்கிறது. உணர்திறனைக் குறைத்தும், தரையின் எதிரொலியைக் கருவி புறக்கணிக்கும்படி சரிசெய்தும் (தரைச் சமன்) அந்த இரைச்சலை அடக்கலாம். அப்போது, ஏறத்தாழ அதே போன்ற ஒலியைத் தரும் சிறிய தங்க மோதிரமும் சேர்ந்து அடங்கிவிடுகிறது.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி ஒரு மின்துடிப்பை அனுப்பி, சில மைக்ரோவினாடிகள் காத்திருந்து, அதன் பிறகே செவிமடுக்கிறது. உப்பு நீரின் எதிரொலி அதற்குள் தேய்ந்து மறைந்துவிடும்; உலோகத்தின் எதிரொலி மட்டும் எஞ்சும். எளிமையும் வலிமையும் சேர்ந்த முறை இது. ஆழத்திலும் அதுவே முந்துகிறது. ஈக்வினாக்ஸ் போன்றவையோ, உப்பின் எதிரொலி ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு அளவில் மாறுவதைக் கணக்கிட்டு அதைக் கழித்துவிடுகின்றன.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இரும்பு. காத்திருந்து செவிமடுக்கும் கருவிக்கு இரும்பும் தங்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். பாலத்தை ஒட்டிய மணலில் துருப்பிடித்த ஆணிகளும் போல்ட்டுகளும் தூண்டில் முட்களும் கொண்டை ஊசிகளும் நிறைந்திருக்கின்றன. ஆட்கள் அதிகம் குளிப்பதும் அதனால் மோதிரங்கள் அதிகம் தொலைவதும் இதே இடத்தில்தான். முழங்கால் அளவு நீரில் ஒரு கொண்டை ஊசியைத் தோண்டுவது எப்படிப்பட்ட வேலை என்பதைத் தோண்டியவர்கள் அறிவார்கள். மணலைத் தோண்டிச் சலிக்கும் துளையிட்ட கரண்டியை அலசும்போது மணலோடு சேர்ந்து அந்த ஊசியும் அதன் துளைகள் வழியாக மீண்டும் குழிக்குள் விழுந்துவிடும். குழி மறுபடி ஒலிக்கும், மறுபடி தோண்டுவோம், அதற்குள் அலை வந்து குழியை மூடிவிடும். ஓதம் நன்றாக வடிந்திருக்கும் நேரமே குறைவாக இருக்கும்போது, அதில் பெரும் பகுதியை ஊசிகளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஈக்வினாக்ஸில் அத்தகைய ஒலி வரும்போது பக்கவாட்டில் நகர்ந்து நின்று, முதல் வீச்சுக்குக் குறுக்காக ஒருமுறை கருவியை வீசிப் பார்த்தால் போதும்: பெரும்பாலும் நல்ல ஒலி உடைந்து, இரும்பின் கரகரப்பு வெளிப்பட்டுவிடும். மோதிரமென்றால், எந்தப் பக்கமிருந்து வீசினாலும், உலோகத்தின் வகையைக் குறிக்கத் திரையில் தோன்றும் எண் அதேதான். சீ ஹன்டரிலும் குப்பை நீக்கும் அமைப்பு உண்டு என்றாலும், அதைக் கூட்டக் கூட்டச் சிறிய தங்கமும் விடுபட்டுப் போகிறது.

ஈக்வினாக்ஸும் ஏமாறும். எஃகால் செய்த பாட்டில் மூடிகள் நல்ல உலோகத்தைப் போலவே ஒலிக்கின்றன. தூண்டில் ஈயக் குண்டுகளை இரண்டு வகைக் கருவியாளர்களும் தோண்டியே ஆக வேண்டும். மெல்லிய தங்கச் சங்கிலி உப்பைப் போலவே ஒலிப்பதால், கழிக்கும்போது அதுவும் கழிந்துவிடக்கூடும். அலைக்குள் இறங்கியதும் கருவியின் ‘பீச் 2’ என்ற கடற்கரை அமைப்புக்கு மாற்றுவது நல்லது. அனுப்பும் ஆற்றல் குறைந்தாலும் கருவி அமைதியாக இருக்கும். பராமரிப்பில் பெரிய வேறுபாடு இல்லை: இரண்டையும் நன்னீரில் கழுவ வேண்டும், ஈக்வினாக்ஸில், தரையை ஒட்டி வீசும் வட்டத் தட்டான சுருளின் அடிமூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலையும் அகற்ற வேண்டும், சார்ஜ் முனைகள் உலர்ந்த பிறகே இணைக்க வேண்டும்.

என் அனுபவம் இந்த வளைகுடாவின் அமைதியான வெளிர் மணலுக்குள் அடங்கியது. இரும்புத் தாது செறிந்த கருமணல் கரையில் தேடுபவருக்கு, குப்பையும் குறைவாக இருந்தால், பல்ஸ் இண்டக்‌ஷனே பொருத்தம் என்றுதான் நான் கேட்டதும் படித்ததும் சொல்கின்றன. முக்குளிப்பவர்கள் ஈக்வினாக்ஸ் 800 பக்கம் போகவே வேண்டாம். அதன் எல்லை 3 மீட்டர். சீ ஹன்டர் 60 மீட்டர் வரை தாங்கும். இரும்பைப் பிரித்தறியவும் வேண்டும், அந்த ஆழமும் வேண்டும் என்பவர்களுக்கு மைன்லேப் எக்ஸ்காலிபர் 2 இருக்கிறது. எதை வாங்கினாலும் நீண்ட கைப்பிடியுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கரண்டிக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிடுங்கள். நீருக்குள் கைக்கரண்டியை வைத்துக்கொண்டு எந்தக் கருவியாலும் பயனில்லை.