ஆல்கைட் மீடியமா, கோபால்ட் டிரையரா?

ஆயில் பெயின்ட் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. சீக்கிரம் காய பெயின்டில் கலக்கும் ஆல்கைட் மீடியம், கோபால்ட் டிரையர் இரண்டும் அந்த வேலையைத்தான் முடுக்கிவிடுகின்றன, ஆனால் வேறு வேறு விதமாக.

லிக்வின் போன்ற ஆல்கைட் மீடியத்தை (எண்ணெய் சேர்த்துச் செய்த செயற்கைப் பிசின் கலவை) மூன்று பங்கு பெயின்டுக்கு ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து மெல்லியதாகப் பூசினால், பெரும்பாலான நிறங்கள் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். அம்பர் (umber) என்ற பழுப்பு மண் நிறம் முந்திக்கொள்ளும், ஐவரி பிளாக், கேட்மியம் சிவப்பு பிந்தும். பூச்சு முழுவதும் ஓரளவு சீராகவே இறுகும். பிசுபிசுக்கத் தொடங்கிய இடத்தில் மறுபடி தூரிகை வைத்தால் இழுபட்டுத் திட்டுத்திட்டாகும். தூரிகையை உடனே கழுவுங்கள், காய்ந்த ஆல்கைட் டர்பன்டைனுக்கும் கரையாது.

கோபால்ட் உப்பு கலந்த திரவமான கோபால்ட் டிரையர் சொட்டுக் கணக்கு. பெயின்டில் ஒரு சதவீதம் தாண்டக்கூடாது. இது மேற்பரப்பை முதலில் இறுக்கும். தடித்த பூச்சில் மேலே தோல் கட்டி, அடியில் ஈரம் தங்கும். பிறகு அடிப்பகுதி காயும்போது மேல்தோல் சுருங்கும், வெடிக்கும். விஷத்தன்மையும் உண்டு, கையுறை கட்டாயம்.

அடுக்கடுக்காகப் பூச ஆல்கைட்டே என் தேர்வு. எதுவானாலும் மேலடுக்கில் எண்ணெய் கீழடுக்கைவிடக் குறையக்கூடாது.