14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு டூப்ளிகேட் டைம்பீஸைத் தலையில் கட்டிவிட்டான்

கீ கொடுக்கும் பழைய அலாரம் டைம்பீஸ் சேர்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். பார்சல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பழைய பொருட்களுக்கென்றே இருக்கும் ஒரு ஆப். அதில் 1930களின் ஜெர்மன் ஜுங்ஹன்ஸ் கம்பெனி டைம்பீஸ், ரேடியம் டயல் (இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு பூசியது), எல்லாமே ஒரிஜினல் என்று ஒருவன் போட்டிருந்தான். விலை 14,500 ரூபாய். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வேறு. பின்மூடியைக் கழற்றி வீடியோ கேட்டேன், உடனே அனுப்பினான். எட்டுமுனை நட்சத்திரத்துக்குள் ஜே எழுத்து, அதுதான் ஜுங்ஹன்ஸ் முத்திரை, மெஷின் தகட்டில் பளிச்சென்று தெரிந்தது. ஓட்டத்துக்கு ஒரு சாவி, அலாரத்துக்கு ஒரு சாவி, இரண்டையும் முறுக்கி மணி அடிக்கவைத்தும் காட்டினான். "அண்ணா, இது எங்க தாத்தா மலேயாவுல இருந்து கொண்டு வந்தது, அருமை தெரிஞ்சவங்க கைக்குப் போனா போதும்ணா" என்றான். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன், அன்றைக்கே 14,500 ரூபாயும் போய்விட்டது.

வந்த டைம்பீஸின் கூடு வீடியோவில் பார்த்ததேதான், கால் பக்கத்து நசுங்கல்கூட அப்படியே இருக்கிறது. உள்ளே மெஷின் வேறு! நட்சத்திரத்தைக் காணோம், தகட்டில் சீன எழுத்து, கூட்டுக்குள் சரியாக உட்காததால் திருகுக்கு அடியில் வாஷர் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறான். அலாரம் சாவி முடிவே இல்லாமல் சுற்றுகிறது, ஸ்பிரிங் அறுந்துபோயிருக்கிறது. டயலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண்கள் எல்லாம் பிரிண்டர் புள்ளிகள். இருட்டில் வைத்தால் பச்சையாக ஜொலிக்கிறது, அதுவே பொய்க்குச் சாட்சி. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம், அது அங்கேயேதான் இருக்கும், ஆனால் அதோடு கலந்த, ஒளியைத் தருகிற துத்தநாக சல்பைடு எப்போதோ செத்துப்போயிருக்கும், அதனால் அந்தக் காலத்து டயல் இன்றைக்கு இப்படி ஒளிராது. (நிஜ ரேடியம் டயல் கையில் இருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள், அந்தத் தூள் உடம்புக்குள் போனால் ஆபத்து.)

போன் செய்தேன். அண்ணா போய் சார் வந்துவிட்டது. "கூரியர்ல அடிபட்டிருக்கும் சார்." கூரியரில் அடிபட்டால் மெஷின் மாறுமா? "பழைய பொருள்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று வைத்தவன் அப்புறம் பிளாக் செய்துவிட்டான். ஆப்காரர்களிடம் கேட்டால், பச்சை டிக் என்பது போன் நம்பரைச் சரிபார்த்ததற்கு மட்டும்தானாம், பொருளுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம், விற்றவரிடமே பேசிக்கொள்ளச் சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள். என் 14,500 ரூபாய்க்கு யார்தான் பொறுப்பு?

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. வீடியோ கால் போடச் சொல்லி, உங்கள் கண் முன்னால் மூடியைத் திறக்கவையுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் பதிவு செய்துவிட்டேன். நட்சத்திர முத்திரை மெஷின், 1930களின் ஜுங்ஹன்ஸ் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், அந்த நிஜ மெஷின் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.